ரிசல்ட் வந்த சாயங்காலத்துலேர்ந்து முதல் சட்டசபை கூட்டம் வரைக்கும்: புது அரசு அமையுறத நாமளே கணக்கு வச்சு பாக்குறது எப்படி

ஓட்டு எண்ற அன்னிக்கு காலைல ஏழு மணிக்கே டிவி முன்னாடி உக்காந்துடுறோம், சாயங்காலம் தெருவுல வெடி வெடிச்சதும் சரி முடிஞ்சுதுன்னு எந்திரிச்சு போயிடுறோம். ஆனா அரசு அமையுற வேலையே அந்த சாயங்காலம்தான் ஆரம்பிக்குது. அடுத்த பத்து பதினஞ்சு நாள்ல நடக்குற ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேப்பர் இருக்கு, ஒரு சட்டப் பிரிவு இருக்கு, அத தெரிஞ்சு வச்சுக்கிட்டு பாத்தா வாட்ஸ்அப்ல வர்ற பாதி ஃபார்வர்ட நீங்களே தூக்கி ஓரமா வச்சுடுவீங்க.

எனக்கு இதுல ஆர்வம் வந்தது 2006-ல. மே 11 ஓட்டு எண்ணிக்கை, திமுக 96 சீட்டுல நின்னுடுச்சு, மொத்தம் 234, பாதிக்கு மேல வேணும்னா 118. எங்க சித்தப்பா "96 வச்சுக்கிட்டு எப்படிடா ஆட்சி, ஆறு மாசத்துல இன்னொரு எலக்‌ஷன் பாரு"ன்னு அடிச்சு சொன்னாரு. எங்கப்பா ஒண்ணும் பேசல, காலண்டர் தாள் ஒண்ண கிழிச்சு பின்பக்கத்துல எழுதினாரு: திமுக 96, காங்கிரஸ் 34, பாமக 18, சிபிஎம் 9, சிபிஐ 6, கூட்டுனா 163. கீழ ஒரு கோடு போட்டு 118-ன்னு எழுதி அத சித்தப்பா பக்கம் தள்ளினாரு. மே 13 கருணாநிதி பதவி ஏத்துக்கிட்டாரு, அஞ்சு வருஷமும் மைனாரிட்டி அரசுன்னு எதிர்க்கட்சி சொல்லிக்கிட்டே இருந்தும் அந்த அரசு முழுசா ஓடுச்சு. அன்னிலேர்ந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் நான் ஒரு நோட்டுல இப்படி கணக்கு போட்டு வைக்கிறேன், பக்கத்து மாநிலம்னாலும் போடுவேன். நான் எப்படி போடுறேன்னுதான் இங்க சொல்லப்போறேன்.

வேணும்ங்கிறது ரொம்ப கம்மி. ஒரு கோடு போட்ட நோட்டு, பேனா, தேர்தல் ஆணையத்தோட ரிசல்ட் பக்கம் போன்ல திறந்து இருந்தா போதும். டிவிய ஓட விட்டுக்கோங்க, ஆனா நம்பர் மட்டும் அதுலேர்ந்து எடுக்காதீங்க.

முதல்ல நம்பர சரியா எழுதுங்க

ரிசல்ட் பக்கத்துல ரெண்டு காலம் இருக்கும், ஜெயிச்சது ஒண்ணு, முன்னிலை இன்னொண்ணு. டிவில ரெண்டையும் ஒண்ணா கூட்டிதான் காட்டுவாங்க, அதனால மத்தியானம் 130-ன்னு இருந்தது ராத்திரி 124-ன்னு ஆனா "எதோ பண்ணிட்டாங்க"ன்னு ஒரு பேச்சு கிளம்பும். முன்னிலைங்கிறது ஓடிக்கிட்டு இருக்குற பஸ், இன்னும் ஸ்டாப் வரல. தொகுதி தேர்தல் அதிகாரி வெற்றிச் சான்றிதழ் கையில குடுத்தாதான் அந்த சீட்ட நோட்டுல பேனாவால எழுதணும், அதுவரைக்கும் பென்சில். 2021-ல தி.நகர் 137 ஓட்டுல முடிஞ்சுது, 2016-ல ராதாபுரம் 49 ஓட்டு, அது கோர்ட்டு வரைக்கும் போயி மறு எண்ணிக்கை வரைக்கும் வந்துச்சு. இந்த மாதிரி சீட்டு நாலஞ்சு இருந்து மொத்த கணக்கு 118-ஐ ஒட்டி நின்னுச்சுன்னா பொறுமையா இருங்க.

அடுத்து கட்சி வாரியா எழுதும்போது சின்னத்த பாத்து எழுதணும். இது நிறைய பேருக்கு தெரியாது. 2021-ல திமுக 133-ன்னு சொல்றோம்ல, அதுல 8 பேர் மதிமுக, மனிதநேய மக்கள் கட்சி, கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி, தமிழக வாழ்வுரிமை கட்சி ஆளுங்க, ஆனா உதயசூரியன் சின்னத்துல நின்னாங்க. சின்னம் எதுவோ சட்டசபைக்குள்ள கட்சி அதுதான், சபையில எப்படி ஓட்டு போடணும்னு சொல்ற கொறடா உத்தரவும் அந்த கட்சிலேர்ந்துதான் வரும். அதே கூட்டணில விசிக தனி சின்னத்துல நின்னு 4 ஜெயிச்சாங்க, அவங்க தனிக் கட்சி. அதனால என் நோட்டுல மூணு காலம் இருக்கும்: சின்னப்படி எத்தனை, தேர்தலுக்கு முன்னாடியே போட்ட கூட்டணிப்படி எத்தனை, சுயேச்சை எத்தனை.

அப்புறம் சீட்டுக் கணக்கையும் ஆள் கணக்கையும் குழப்பிக்காதீங்க. ஒருத்தர் ரெண்டு தொகுதில ஜெயிச்சா ரெண்டு சீட்டு, ஆனா சபையில ஒரு ஆள், ஒரு ஓட்டு. 1991-ல ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் ரெண்டுலயும் ஜெயிச்சு பர்கூர வச்சுக்கிட்டாங்க. இப்படி ஜெயிச்சவங்க 14 நாளுக்குள்ள ஒண்ண விட்டே ஆகணும். எம்பியா இருக்குறவங்க எம்எல்ஏ ஆனாலும் இதே மாதிரி ஒண்ணதான் வச்சுக்க முடியும், 2021-ல கே.பி.முனுசாமியும் வைத்திலிங்கமும் ராஜ்யசபா சீட்ட விட்டுட்டு சட்டசபைக்கு வந்தாங்க. பெரிய மெஜாரிட்டி இருக்கும்போது இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது, இழுபறியா இருக்கும்போது ஒவ்வொரு ஆளும் முக்கியம்.

இன்னொரு சின்ன விஷயம், பழைய பொது அறிவு புத்தகத்துல தமிழ்நாடு சட்டசபை 235 பேருன்னு இருக்கும். அந்த ஒரு எக்ஸ்ட்ரா ஆள் நியமன ஆங்கிலோ இந்தியன் உறுப்பினர், 2020-ல அந்த ஏற்பாடு முடிஞ்சு போச்சு. இப்ப 234 மட்டும்தான்.

பழைய முதல்வர் ராஜினாமா பண்ணா உடனே நாற்காலி காலியாகாது

தோத்த முதல்வர் கவர்னருக்கு ராஜினாமா கடிதம் அனுப்புவாரு, கவர்னர் ஏத்துக்கிட்டு "மாற்று ஏற்பாடு ஆகுற வரைக்கும் தொடருங்க"ன்னு சொல்வாரு. இதுதான் காபந்து அரசு. 2021-ல மே 2 எண்ணிக்கை, மே 3 எடப்பாடி பழனிசாமி ராஜினாமா, மே 7 புது அரசு, நடுவுல நாலு நாள் மாநிலம் நடந்துச்சுல்ல. காபந்து அரசு சம்பளம், மருந்து, சட்டம் ஒழுங்கு மாதிரி அன்றாட வேலைய பாக்கும், பெரிய கொள்கை முடிவு எடுக்கக்கூடாதுங்கிறது மரபு. அந்த நாலு நாள்ல யாராச்சும் "புது டெண்டர் விட்டுட்டாங்க"ன்னு சொன்னா, அரசாணை நம்பரும் தேதியும் கேளுங்க.

இதே சமயத்துல தேர்தல் ஆணையம் ஜெயிச்சவங்க பேரு எல்லாத்தையும் சேத்து ஒரு அறிவிக்கை போடும், மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 73-வது பிரிவுப்படி. அது வந்தாதான் புது சட்டசபை முறைப்படி அமைஞ்சதா அர்த்தம். தலைமைத் தேர்தல் அதிகாரி அந்தப் பட்டியல கவர்னர்கிட்ட நேர்ல குடுக்குற போட்டோ பேப்பர்ல வரும், அத பாத்தா தேதிய குறிச்சு வச்சுக்கோங்க.

கட்சி ஆபீஸ் கூட்டம், அப்புறம் அந்தக் கடிதம்

ஜெயிச்ச எம்எல்ஏக்கள் கூடி சட்டமன்றக் கட்சித் தலைவர தேர்ந்தெடுப்பாங்க. 2021-ல மே 4 அண்ணா அறிவாலயத்துல இது நடந்துச்சு, மே 5 ஸ்டாலின் அந்தத் தீர்மானக் கடிதத்தோட கவர்னர் பன்வாரிலால் புரோகித்த பாத்து உரிமை கோரினாரு. மக்கள் ஓட்டு போடுறது எம்எல்ஏவுக்கு, முதல்வர் யாருன்னு முடிவு பண்றது அந்த எம்எல்ஏக்களோட கையெழுத்து. கட்சி போஸ்டர்ல ஒருத்தர் முகம் இருந்ததாலயே அவர் முதல்வர் ஆகிட மாட்டாரு.

கடிதத்துல நாம பாக்க வேண்டியது மூணு. எத்தனை பேர் கையெழுத்து, எந்தெந்த கட்சித் தலைமை தனியா ஆதரவுக் கடிதம் குடுத்திருக்கு, அந்த ஆதரவு அமைச்சரவையில சேர்றதா இல்ல வெளியிலேர்ந்தா. 2006-ல தமிழ்நாட்டுல நடந்தது வெளியிலேர்ந்து ஆதரவு, மந்திரிங்க எல்லாரும் திமுகதான். வெளியிலேர்ந்து ஆதரவுன்னா பலவீனம்னு நினைச்சுடாதீங்க, தேர்தலுக்கு முன்னாடியே சேர்ந்து மக்கள்கிட்ட ஓட்டு கேட்டவங்க குடுக்குற ஆதரவு வேற, ரிசல்டுக்கு அப்புறம் ராத்திரியோட ராத்திரியா வர்ற ஆதரவு வேற. நோட்டுல ரெண்டுக்கும் வேற வேற கலர் போடுங்க.

கவர்னர் யார கூப்பிடணும்? இங்கதான் நின்னு நிதானமா பாக்கணும்

அரசியல் சட்டம் 164-வது பிரிவு "முதல்வர கவர்னர் நியமிப்பார்"னு ஒரே வரில முடிச்சுடுது. யார, எத்தனை நாளுக்குள்ள, எப்படின்னு எதுவும் இல்ல. ஒரு கட்சிக்கோ முன்கூட்டியே அமைஞ்ச கூட்டணிக்கோ 118 தாண்டிட்டா கவர்னருக்கு யோசிக்க ஒண்ணுமே இல்ல, கூப்பிட்டே ஆகணும். யாருக்கும் இல்லாதப்பதான் பிரச்சினை.

இதுக்கு மத்திய மாநில உறவ ஆராய்ஞ்ச சர்க்காரியா கமிஷன் 1988-ல குடுத்த அறிக்கையில ஒரு வரிசை சொல்லிருக்கு, அத மனப்பாடமா வச்சுக்கோங்க. முதல் இடம் தேர்தலுக்கு முன்னாடியே அமைஞ்ச கூட்டணிக்கு. அது இல்லன்னா மத்தவங்க ஆதரவோட உரிமை கோருற தனிப்பெரும் கட்சி. அதுக்கும் அப்புறம் தேர்தலுக்குப் பின்னாடி சேர்ந்து எல்லாருமே ஆட்சில பங்கெடுக்குற கூட்டணி. கடைசியா, சில பேர் உள்ள, சில பேர் வெளியிலேர்ந்து ஆதரவுங்கிற ஏற்பாடு. இது ஒரு கமிஷனோட பரிந்துரை, சட்டம் கிடையாது, ஆனா கோர்ட்டுல இது திரும்பத் திரும்ப பேசப்படுது.

"தனிப்பெரும் கட்சியதான் கூப்பிடணும்"னு டிவில ஒருத்தர் அடிச்சு சொல்வாரு, அடுத்த மாநிலத்துல அவரே மாத்திப் பேசுவாரு, அதனால நடந்த கதைய வச்சே பாப்போம். கோவா 2017, மொத்தம் 40 சீட்டு. காங்கிரஸ் 17, பாஜக 13. யாரு பெருசுன்னு பாத்தா காங்கிரஸ்தான். ஆனா பாஜக கோவா ஃபார்வர்ட் 3, மகாராஷ்டிரவாதி கோமந்தக் 3, சுயேச்சை 2-ன்னு சேத்து 21 பேர் ஆதரவோட கவர்னர்கிட்ட போயிடுச்சு, காங்கிரஸ் ஆதரவுக் கடிதம் எதுவும் காட்டல. மனோகர் பாரிக்கர் பதவி ஏத்தாரு, சுப்ரீம் கோர்ட்டு தடை போடல, சீக்கிரமா பலத்த நிரூபிக்கச் சொல்லுச்சு, மார்ச் 16 வாக்கெடுப்புல 22 ஓட்டு வாங்கினாரு.

அடுத்த வருஷமே கர்நாடகா. மே 2018, மொத்தம் 224-ல 222 தொகுதிக்கு தேர்தல். பாஜக 104, காங்கிரஸ் 78, ஜனதா தளம் 37, பகுஜன் சமாஜ் 1. காங்கிரசும் தளமும் ரிசல்ட் அன்னிக்கே சேந்துட்டாங்க, பகுஜன் சமாஜோட சேத்து 116 சீட்டு. தளத்தோட குமாரசாமி ரெண்டு தொகுதில ஜெயிச்சிருந்தாரு, அதனால ஆள் கணக்குல 115, சபையில மொத்த ஆள் 221, பாதிக்கு மேல 111. இங்க கவர்னர் வஜுபாய் வாலா 104 வச்சிருந்த எடியூரப்பாவ கூப்பிட்டு, பலத்த நிரூபிக்க 15 நாள் குடுத்தாரு. மே 16 ராத்திரி சுப்ரீம் கோர்ட்டு விடிய விடிய உக்காந்து விசாரிச்சுது, பதவியேற்ப தடுக்கல, மே 17 அவர் பதவி ஏத்தாரு. 18-ம் தேதி கோர்ட்டு அந்த 15 நாள சுருக்கி, நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வாக்கெடுப்புன்னு உத்தரவு போட்டுச்சு. 19-ம் தேதி வாக்கெடுப்புக்கு முன்னாடியே எடியூரப்பா ராஜினாமா. 23-ம் தேதி குமாரசாமி முதல்வர்.

கோவாவுல பின்னாடி சேந்த கூட்டணிய கூப்பிட்டாங்க, கர்நாடகாவுல தனிப்பெரும் கட்சிய கூப்பிட்டாங்க. ரெண்டுலயும் பலன் யாருக்குன்னு உங்களுக்கே தெரியும், எனக்கு இது இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. ஒரே மாதிரி அளவுகோல் வேணும், எழுத்துல வேணும், எந்தக் கட்சி டெல்லில இருந்தாலும்.

அதனால நான் நோட்டுல எப்பவும் ஒரு காலம் தனியா வைப்பேன்: கவர்னர் குடுத்த அவகாசம் எத்தனை நாள்? நாள் கூடக்கூட பேரம் நடக்க வழி கூடும். 15 நாள்னு கேட்டா உஷாராகுங்க. 24 மணி நேரம், 48 மணி நேரம்னா பேரத்துக்கு நேரம் கம்மி.

மகாராஷ்டிரா 2019-ஐயும் ஒரு தடவை சொல்லிடுறேன், ஏன்னா கடிதம்னா என்னங்கிறது அதுலதான் புரியும். 288 சீட்டு, பாஜக 105, சிவசேனா 56, தேசியவாத காங்கிரஸ் 54, காங்கிரஸ் 44. பாஜகவும் சேனாவும் ஒண்ணா நின்னு மெஜாரிட்டி வாங்கிட்டு முதல்வர் பதவிக்காக பிரிஞ்சாங்க, நவம்பர் 12 ஜனாதிபதி ஆட்சி வந்துச்சு. நவம்பர் 23 விடியக்காலை 5.47-க்கு அந்த ஆட்சி விலக்கப்பட்டு, எட்டு மணி வாக்குல பாஜகவோட பட்னவிசும் தேசியவாத காங்கிரசோட அஜித் பவாரும் பதவி ஏத்துட்டாங்க, மக்கள் பேப்பர்ல வேற தலைப்ப படிச்சுக்கிட்டு இருந்தாங்க. அஜித் பவார் குடுத்த கடிதத்துல 54 பேர் கையெழுத்து இருந்துச்சு, அது வேற கூட்டத்துக்கு வாங்கின கையெழுத்துன்னு அவர் கட்சி தரப்புல சொன்னாங்க. 26-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, மறுநாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள வாக்கெடுப்பு, ரகசிய ஓட்டு கூடாது, நேரடி ஒளிபரப்பு வேணும்னு சொன்ன அன்னிக்கே பட்னவிஸ் ராஜினாமா. 28-ம் தேதி சிவசேனாவோட உத்தவ் தாக்கரே முதல்வர். கையெழுத்து இருந்தா மட்டும் போதாது, அந்த ஆள் சபையில எழுந்து நிக்கணும். இதத்தான் 1994-லயே எஸ்.ஆர்.பொம்மை தீர்ப்புல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு, பெரும்பான்மைய எண்ற இடம் சட்டசபை, கவர்னர் மாளிகை கிடையாது.

நம்ம சென்னை மாகாணமும் இத பாத்திருக்கு. 1952-ல 375 சீட்டுல காங்கிரசுக்கு 152தான். தேர்தல்லயே நிக்காத ராஜாஜிய மேலவைக்கு நியமனம் பண்ணி கவர்னர் ஸ்ரீபிரகாசா ஏப்ரல் 10 முதல்வரா பதவி ஏற்க வச்சாரு. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் கேள்வி அதேதான்.

கட்சி மாறினா என்ன ஆகும்

ரிசார்ட்டு, பஸ்சு, போன புடுங்கி வைக்கிறதுன்னு செய்தி வர ஆரம்பிச்சா 1985-ல வந்த, அரசியல் சட்டத்தோட பத்தாவது அட்டவணைய, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்த ஞாபகம் வச்சுக்கோங்க. சொந்தக் கட்சிய விட்டு விலகினாலோ கொறடா உத்தரவ மீறி ஓட்டு போட்டாலோ பதவி போகும். முன்னாடி மூணுல ஒரு பங்கு பேர் பிரிஞ்சா தப்பிக்கலாம்னு ஒரு ஓட்டை இருந்துச்சு, 2003-ல அத எடுத்துட்டாங்க, இப்ப மூணுல ரெண்டு பங்கு பேரோட இன்னொரு கட்சில இணைஞ்சா மட்டும்தான் பாதுகாப்பு. சுயேச்சை எம்எல்ஏ அரச ஆதரிக்கலாம், மந்திரி கூட ஆகலாம், ஆனா ஜெயிச்சப்புறம் ஒரு கட்சில சேந்தாரோ பதவி போச்சு. யார் தகுதி இழந்தாங்கன்னு சொல்ற அதிகாரம் சபாநாயகர்கிட்ட, அதனாலதான் சபாநாயகர் யாருங்கிறது இவ்வளவு பெரிய விஷயமா இருக்கு.

ராஜினாமா பண்ணி ஆள் குறைக்கிறதும் ஒரு வழி. இருக்குறவங்கள்ல பாதிக்கு மேல போதும்ங்கிறதால, ஆள் குறைஞ்சா பெரும்பான்மைக் கோடும் கீழ இறங்கும். 2019 ஜூலைல கர்நாடகாவுல குமாரசாமி 99-க்கு 105-ன்னு தோத்தது இப்படித்தான், 224 பேர் சபையில 105 ஓட்டு போதுமானதா இருந்துச்சு. அதனால வாக்கெடுப்பு அன்னிக்கு நோட்டுல 118-ஐ அடிச்சுட்டு அன்னிக்கு வந்து ஓட்டு போட்டவங்க எத்தனைன்னு எழுதுங்க.

பதவியேற்பு அன்னிக்கு காதுல வாங்க வேண்டியது

ரெண்டு உறுதிமொழி இருக்கு, பதவிக்கு ஒண்ணு, ரகசிய காப்புக்கு ஒண்ணு. "ஆண்டவன் மீது ஆணையிட்டு"ன்னு சொல்லலாம், "உளமார உறுதி கூறுகிறேன்"னும் சொல்லலாம், ரெண்டும் சட்டப்படி சமம். முதல்வர் மட்டும் தனியா ஏத்துக்கிட்டு மந்திரிங்க அப்புறமா வர்றதும் உண்டு. புதுச்சேரில 2021 மே 7 ரங்கசாமி தனியா பதவி ஏத்தாரு, மத்த அஞ்சு மந்திரிங்க ஜூன் 27-தான் வந்தாங்க, ஏழு வாரம். அங்க முதல்வரையும் சேத்து ஆறு பேர்தான் அமைச்சரவை, கூட்டணி பேச்சு இழுத்ததுல அவ்வளவு நாள் ஆச்சு. புதுச்சேரிய பாக்குறவங்க இன்னொண்ணும் கவனிங்க, 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவங்க, அதுக்கு மேல மத்திய அரசு நியமிக்கிற 3 பேருக்கும் ஓட்டு உண்டுன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு, அதனால அங்க கோடு 16 இல்ல, 17.

தமிழ்நாட்டுல எத்தனை மந்திரி இருக்கலாம்? சபையோட மொத்த எண்ணிக்கையில 15 சதவீதம், அதுவும் 2003-ல வந்த திருத்தம்தான். 234-க்கு முதல்வரையும் சேத்து 35. 2021-ல முதல்வரோட சேத்து 34 பேர் ஏத்துக்கிட்டாங்க, ஒரு இடத்த காலியா வச்சாங்க. பட்டியல பாக்கும்போது நான் மாவட்டம் மாவட்டமா எழுதுவேன், எத்தனை பொம்பளைங்கன்னு எழுதுவேன். எந்த மாவட்டத்துக்கு ஆளே இல்லையோ அங்கதான் அடுத்த மாற்றம் வரும்போது பேர் அடிபடும்.

இலாகா பட்டியல் வந்தா அத பத்திரமா வைங்க, ஏன்னா உங்களுக்கு அது நேரா பயன்படும். பட்டா மாறுதல் மேல்முறையீடு நிலுவையில இருக்கு, ஊருக்கு பள்ளிக்கூடம் தரம் உயர்த்தணும்னு மனு போட்டிருக்கீங்கன்னா, பழைய மந்திரி பேர்ல போட்ட மனுவ அப்படியே நம்பி உக்காராதீங்க. புது இலாகா அறிவிக்கை வந்ததும் அதே மனு நகல், பழைய ஒப்புகைச் சீட்டு நகல் ரெண்டையும் வச்சு, துறைச் செயலாளருக்கும் புது மந்திரிக்கும் உங்க எம்எல்ஏவுக்கும் தனித்தனியா அனுப்புங்க. சில துறைய பிரிச்சு பேரையே மாத்திடுவாங்க, அதனால முகவரில துறை பேர் புதுசா சரியா இருக்கணும். ஆட்சி மாறினாலும் ஃபைல் துறையிலதான் இருக்கும், அத எடுத்துப் பாக்க வைக்கிறதுதான் நம்ம வேலை.

தேர்தல்ல தோத்தவரோ நிக்காதவரோ முதல்வராவோ மந்திரியாவோ வரலாம், ஆறு மாசத்துக்குள்ள எம்எல்ஏ ஆகணும். 2021-ல மேற்கு வங்கத்துல மம்தா நந்திகிராம்ல 1,956 ஓட்டுல தோத்தும் முதல்வரா பதவி ஏத்து, அக்டோபர்ல பவானிபூர் இடைத்தேர்தல்ல ஜெயிச்சாங்க. 1967-ல அண்ணா முதல்வரானப்ப எம்எல்ஏ கிடையாது, தென்சென்னை எம்பி, அப்புறம் மேலவைக்கு வந்தாரு. தமிழ்நாட்டுல 1986-லேர்ந்து மேலவை இல்லாததால இப்ப இடைத்தேர்தல் ஒண்ணுதான் வழி. ஆனா இந்த ஆறு மாச சலுகை தேர்தல்ல நிக்க தகுதி உள்ளவங்களுக்கு மட்டும்தான். 2001-ல வேட்புமனு தள்ளுபடி ஆன நிலையில ஜெயலலிதாவுக்கு கவர்னர் பாத்திமா பீவி மே 14 பதவிப் பிரமாணம் செஞ்சு வச்சாங்க, செப்டம்பர் 21 சுப்ரீம் கோர்ட்டு அந்த நியமனமே செல்லாதுன்னு சொல்லிடுச்சு, அன்னிக்கே ஓ.பன்னீர்செல்வம் முதல்வர் ஆனாரு. கவர்னர் செஞ்சு வச்சுட்டா முடிஞ்சுதுன்னு இல்ல, அதையும் கோர்ட்டு கேள்வி கேக்கும்.

சட்டசபைக்குள்ள

முதல் நாள் தற்காலிக சபாநாயகர். வழக்கமா மூத்த உறுப்பினர் ஒருத்தர கவர்னர் நியமிப்பாரு, அவர்தான் மத்த எல்லாருக்கும் எம்எல்ஏ உறுதிமொழி எடுத்து வைப்பாரு. 2021-ல கு.பிச்சாண்டி, மே 11, கொரோனாவால கலைவாணர் அரங்கத்துல நடந்துச்சு. இந்த உறுதிமொழி எடுக்காம சபையில உக்காந்தாலோ ஓட்டு போட்டாலோ ஒரு நாளுக்கு 500 ரூபாய் வீதம் அபராதம்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு, 193-வது பிரிவு. மறுநாள் சபாநாயகர் தேர்தல், அந்த வருஷம் அப்பாவு போட்டியில்லாம வந்தாரு, 2016-ல 49 ஓட்டுல ராதாபுரத்த விட்டாரே, அவரேதான். இழுபறி சபையில சபாநாயகர் தேர்தல்தான் முதல் பலப்பரீட்சை, நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்னாடியே யார்கிட்ட ஆள் இருக்குன்னு அங்கயே தெரிஞ்சுடும். ஓட்டு சமமா வந்தா மட்டும் சபாநாயகர் ஓட்டு போடலாம், அதனால ஒரு கட்சி தன் ஆள சபாநாயகர் ஆக்கினா அன்னிலேர்ந்து அதோட கணக்குல ஒண்ண கழிச்சு எழுதுங்க.

எதிர்க்கட்சித் தலைவர் யாருன்னும் இந்த வாரத்துலதான் முடிவாகும். 2011-ல 29 பேர் வச்சிருந்த தேமுதிக எதிர்க்கட்சி ஆச்சு, திமுக 23. ஆட்சிக்கு வந்த அதிமுகவோட கூட்டணில ஒண்ணா ஜெயிச்சவங்களே எதிர் வரிசைல உக்காந்தாங்க.

தேர்தலுக்கு அப்புறம் வர்ற முதல் கூட்டத்தொடர்ல கவர்னர் உரை கட்டாயம், 176-வது பிரிவு. அத எழுதுறது அமைச்சரவை, படிக்கிறது கவர்னர். 2021-ல ஜூன் 21 வந்துச்சு. தேர்தல் அறிக்கைய ஒரு பக்கம் வச்சுக்கிட்டு இந்த உரைய இன்னொரு பக்கம் வச்சு வரிக்கு வரி பாருங்க, எது உரையில வந்துச்சு, எது காணாம போச்சுன்னு. பதவி ஏத்த அன்னிக்கு போட்ட கையெழுத்த எல்லாரும் பாக்குறாங்க, 2021-ல பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல இலவசம், ஆவின் பால் லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பு, அரிசி கார்டுக்கு 4,000 ரூபாய்ன்னு அஞ்சு கோப்பு, அது உடனே தெரிஞ்சுது. இந்த உரைய யாரும் முழுசா படிக்கிறதில்ல, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

இப்ப நோட்டோட கடைசிப் பக்கத்துல மூணு தேதி எழுதி வைங்க. சபை முதல் தடவை கூடின தேதி, ஏன்னா அஞ்சு வருஷம் எண்றது பதவியேற்புலேர்ந்து இல்ல, அந்த முதல் கூட்டத்துலேர்ந்து. எம்எல்ஏ இல்லாத மந்திரி யாராச்சும் இருந்தா அவர் பதவி ஏத்த நாள்லேர்ந்து ஆறு மாசம் முடியுற தேதி. ரெண்டு சீட்டுல ஜெயிச்சு ஒண்ண விட்ட தொகுதி எதாச்சும் இருந்தா அது காலியான தேதி, அதுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள அங்க இடைத்தேர்தல் வரணும், அது உங்க தொகுதியா இருந்தா வாக்காளர் பட்டியல்ல உங்க பேர் இருக்கான்னு இப்பவே ஒரு தடவை பாத்துக்கோங்க.